அப்பாவுக்குக் கையில் பிஸ்டுலா போடச் சொல்கிறார்கள், இப்போதே போட வேண்டுமா?

குடமுருட்டி:

வணக்கம். அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, பிரஷரும் உண்டு. சிறுநீரகம் பழுதாகி, ரெண்டு மூன்று வருடமாக ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற கழிவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்து, போன வாரம் எடுத்த ரிப்போர்ட்டில் 6.8. ஈ.ஜி.எப்.ஆர்., அதாவது சிறுநீரகம் வடிகட்டுகிற அளவு, 8 என்று போட்டிருக்கிறது. ஹீமோகுளோபின் 8.4, பொட்டாசியம் 5.3. சிறுநீர் நன்றாகவே போகிறது. சாயங்காலமானால் கணுக்காலில் லேசாக வீக்கம், சோறு முன்பு போல இறங்கவில்லை, வாய் எந்நேரமும் கசக்கிறது என்கிறார், அவ்வளவுதான். காலையில் வழக்கம்போல வயலுக்குப் போய்த் தண்ணீர் திருப்பிவிட்டுத்தான் வருகிறார். பார்த்தால் நோயாளி என்றே சொல்ல முடியாது.

டாக்டர் சொன்னது இதுதான்: டயாலிசிஸ் இன்றைக்கே வேண்டாம், ஆனால் சில மாதங்களில் தேவைப்படும், அதற்குள் இடது கையில் பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாயைத் தயார் செய்கிற சின்ன அறுவை, போட்டுவிடுங்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே ரகளை. "நல்லா இருக்கிற கையை எதுக்கு அறுக்கணும், மெஷின்ல ஒருதடவை படுத்தா அப்புறம் சாகிற வரைக்கும் படுக்கணும்" என்கிறார் அப்பா. கும்பகோணம் பக்கம் ஒருவர் பொடி கொடுக்கிறார், ஒரே மாதத்தில் கிரியேட்டினின் பாதியாகிவிடும் என்று மாமா வேறு வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா என்ன சமைப்பது என்று தெரியாமல் தினமும் உப்பில்லாத கஞ்சியாக வைக்கிறார், அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறார்.

நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறில்தான் ஊருக்குப் போக முடியும். பிஸ்டுலா இப்போதே போட வேண்டுமா, இல்லை டயாலிசிஸ் ஆரம்பிக்கிறபோது பார்த்துக்கொள்ளலாமா? டயாலிசிஸ் மெஷினில் படுக்கிற அந்த நாலு மணி நேரத்தில் உண்மையில் என்னதான் நடக்கிறது? சாப்பாட்டுக்கு என்ன செய்வது, செலவை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? வீட்டில் இதைப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஷிப்ட்டு மூணு:

தம்பி, நான் ஒரு அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். டாக்டர் இல்லை, அதனால் மாத்திரை அளவுக்குள் எல்லாம் போக மாட்டேன். பிஸ்டுலா விஷயத்தில் மட்டும் அடித்துச் சொல்கிறேன், தள்ளிப் போடாதீர்கள், இந்த மாதமே போடுங்கள்.

ஏன் என்றால் அது போட்ட மறுநாள் பயன்படுகிற பொருள் இல்லை. மணிக்கட்டுக்குப் பக்கத்திலோ முழங்கை மடிப்பிலோ ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துத் தைப்பார்கள். தமனியில் வருகிற ரத்தம் அழுத்தத்தோடு சிரைக்குள் பாய்ந்து, சிரை மெல்ல மெல்லத் தடித்து விரிந்து, தடிமனான ஊசியைத் தாங்குகிற அளவுக்கு வர வேண்டும். அதற்கு ஆறு முதல் எட்டு வாரம், சர்க்கரைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் அதைவிட அதிகமாகவே பிடிக்கும். சிலருக்கு முதல் முறை வளராமலே போய், மேலே இன்னொன்று போட வேண்டி வரும். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அவர் இப்போதே சொல்கிறார். அறுவை பெரிய விஷயம் இல்லை, கையை மட்டும் மரக்கவைத்துச் செய்வார்கள், பலர் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுவார்கள். முன்னதாக டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்குழாய் எந்த அளவில் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். ஒருநாள் ராத்திரி மூச்சு வாங்கும், படுக்க முடியாது, உட்கார்ந்தபடியே தூக்கிக்கொண்டு வருவார்கள், பொட்டாசியம் ஏழு இருக்கும். அவசரத்துக்குக் கழுத்துச் சிரையில் ஒரு குழாயைச் செருகி டயாலிசிஸ் ஆரம்பிப்பார்கள். எங்களிடம் முதல் முறை வருகிறவர்களில் பாதிக்கு மேல் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். அந்தக் குழாயின் நுனி இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, வெளி முனை கழுத்துக்கு வெளியே தொங்குகிறது, கிருமி போக நேர்வழி. மெஷினில் இணைத்துக் கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிற மாதிரி குளிர் வந்து காய்ச்சல் ஏறினால், வேறு காரணம் நிரூபணம் ஆகிற வரைக்கும் அது குழாயில் தொற்று என்றே எடுத்துக்கொள்வோம். தவிர, குழாய் இருந்த சிரை உள்ளே சுருங்கிவிட்டால் பிற்பாடு அந்தப் பக்கக் கையில் பிஸ்டுலா போட்டாலும் கை வீங்கிக்கொண்டு ஒழுங்காக ஓடாது. பெர்ம்கேத் என்று தோலுக்கடியில் கொஞ்ச தூரம் ஓடவிட்டு வைக்கிற குழாய் இதைவிடத் தேவலாம், ஆனாலும் பிஸ்டுலாவுக்கு ஈடு ஆகாது.

இன்றையிலிருந்தே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. அப்பாவின் இடது கையில் யாரும் ஊசி குத்தக் கூடாது, ட்ரிப்ஸ் ஏற்றக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. பிஸ்டுலா போட்ட பிறகு அந்தக் கையில் பிரஷர்கூடப் பார்க்கக் கூடாது. லேபில் பழக்கத்தில் எந்தக் கை கிடைக்கிறதோ அதில் ரப்பரைக் கட்டிவிடுவார்கள், அவர்தான் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். வலது கையிலும் முடிந்தவரை புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள், முன்கைச் சிரை நாளைக்குத் தேவைப்படலாம்.

போட்டு முடித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பாடம்: தையலுக்கு மேலே விரலை வைத்தால் மடியில் படுத்த பூனை மாதிரி புர்ரென்று ஒரு அதிர்வு தெரியும். அதைக் காலையில் எழுந்ததும் ஒருமுறை, படுக்கிறபோது ஒருமுறை தொட்டுப் பாருங்கள், காதை வைத்தால் ஊய் ஊய் என்று கேட்கும். என்றைக்காவது அது இல்லை என்றால் ரத்தம் கட்டியிருக்கலாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், சில மணி நேரத்துக்குள் போனால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்குவது, இறுக்கமான வாட்ச், மண்வெட்டி பிடித்துக் கொத்துவது, மூட்டை தூக்குவது எல்லாம் வேண்டாம். விவசாயி என்பதால் கடைசி ரெண்டையும் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, நாலு மணி நேரம். கையில் ரெண்டு ஊசி, ஒன்று ரத்தத்தை வெளியே எடுக்க, ஒன்று திருப்பி அனுப்ப. நிமிடத்துக்கு 250 முதல் 300 மில்லி ரத்தம் பம்ப் வழியாக டயலைசர் என்கிற பிளாஸ்டிக் குழலுக்குள் போகிறது. அதற்குள் தலைமுடி மாதிரி மெல்லிய இழைகள் பத்தாயிரம் அளவில் இருக்கும், எல்லாம் உள்ளே வெற்றாக. இழைக்குள்ளே ரத்தம் ஒரு திசையில், வெளியே டயாலிசிஸ் திரவம் எதிர்த் திசையில். யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம் எல்லாம் இழையின் நுண்துளை வழியாக ரத்தத்திலிருந்து திரவத்துக்குப் போகும், பைகார்பனேட் அங்கிருந்து ரத்தத்துக்கு வரும். ரத்த அணுக்கள் பெரியவை, துளையில் நுழையாது. உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்போம். "ரத்தத்தை எல்லாம் உருவி வெளியே எடுத்துவிடுகிறார்கள்" என்று பயப்படுகிறவர்கள் நிறைய. ஒரு நேரத்தில் உடம்புக்கு வெளியே இருப்பது கால் லிட்டர் அளவுதான், முடிகிறபோது அதையும் சலைன் விட்டு உள்ளே அனுப்பிவிடுவோம்.

திரவம் நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓடும். நாலு மணி நேரத்துக்குக் கணக்குப் போடுங்கள், 120 லிட்டர். அத்தனையும் ஆர்.ஓ.வில் சுத்தம் செய்த தண்ணீர், அந்தத் தண்ணீருக்கும் நோயாளியின் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டும். அதனால் சென்டர் தேடுகிறபோது ஏசி, டிவி எல்லாம் அப்புறம், ஆர்.ஓ. தண்ணீரை எத்தனை நாளைக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். டயலைசரைக் கழுவி மறுபடி பயன்படுத்துகிற இடமாக இருந்தால், அதில் அப்பா பெயர் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் வைத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம்.

முதல் டயாலிசிஸை ரெண்டு மணி நேரத்தில் மெதுவாக ஓட்டி முடித்துவிடுவார்கள். யூரியா சட்டென்று இறங்கினால் தலைவலி, வாந்தி, சிலருக்கு வலிப்பு வரை வரும், அதற்காகத்தான். "ரெண்டு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள்" என்று அன்றைக்குச் சண்டைக்குப் போகாதீர்கள்.

மேலமாசி வீதி:

தம்பி, அம்மாவிடம் முதலில் அந்த உப்பில்லாக் கஞ்சியை நிறுத்தச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சாப்பிட மிஞ்சியது வெந்நீரும் அரிசியும்தான். பட்டினி போட்டால் நோயாளி இளைப்பார், சிறுநீரகம் தேறாது.

எங்கள் டயட்டீஷியன் சொல்லித்தான் எனக்கே ஒன்று புரிந்தது. டயாலிசிஸுக்கு முன்பு புரதம் குறைவு, கிலோ எடைக்கு 0.6 முதல் 0.8 கிராம். ஆரம்பித்த பிறகு தலைகீழ், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், ஏனென்றால் மெஷினில் கொஞ்சம் புரதமும் சேர்ந்து போய்விடுகிறது. அப்பா இப்போது முதல் வகை. நாளைக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தால் முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி எல்லாம் அளவோடு உள்ளே வர வேண்டும். பல வீடுகளில் பழைய பத்தியத்தையே தொடர்ந்து ஆளை எலும்பாக்கி வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு எத்தனை கிராம் என்பதை அங்கே டயட்டீஷியனிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்பு விஷயம்: ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன் தலை தட்டி. நான் குழம்பு கொதித்ததும் உப்புப் போடுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவேன், அவர் பங்கு உப்பைத் தட்டில் தனியாகக் கொடுத்துவிடுவேன். உப்பை மேலே தூவிச் சாப்பிட்டால் நாக்குக்குக் கொஞ்சத்திலேயே தெரிகிறது. மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை, இதிலேயே ருசி வந்துவிடும். ஊறுகாய், அப்பளம், வத்தல், கருவாடு, பாக்கெட் மிக்சர் வீட்டுக்குள் வரவே கூடாது, இருந்தால் ராத்திரி டப்பா திறக்கிற சத்தம் கேட்கும். இந்துப்பு போட்டால் கிரியேட்டினின் இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும், நம்பாதீர்கள், அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கடையில் சோடியம் குறைவான உப்பு என்று விற்பது இன்னும் மோசம், சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தைப் போட்டிருப்பார்கள்.

பொட்டாசியத்துக்குப் பயப்பட வேண்டும். இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி ஜூஸ், கீரை சூப், தக்காளித் தொக்கு, உலர்ந்த திராட்சை, பேரீச்சை எல்லாம் ஆரோக்கியமானவர்களுக்கு நல்லது, இவர்களுக்கு வேண்டாம். கிட்னிக்கு நல்லது என்று வாழைத்தண்டு சாறும் கொத்தமல்லித் தண்ணீரும் கொண்டுவந்து நிற்பார்கள், வாசலோடு திருப்பி அனுப்புங்கள். நட்சத்திரப் பழம் ஒரு துண்டுகூடக் கூடாது, அதிலுள்ள நஞ்சு சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மூளையைத் தாக்கி விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று கொண்டுபோய் விட்டுவிடும். பழம் வேண்டுமென்றால் ஆப்பிள், பப்பாளி, அன்னாசியில் ஏதாவது ஒன்று, சின்னத் துண்டாக. காய்களைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறைய வெந்நீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்த பிறகுதான் தாளிக்க வேண்டும். உருளைக்கிழங்கைக்கூட இப்படிச் செய்து எப்போதாவது கொடுக்கிறேன், பொன்வறுவல் கிடையாது, வெள்ளையாக இருக்கும், அதற்கே சந்தோஷப்படுவார்.

தண்ணீர் இப்போது அப்பாவுக்கு டாக்டர் கட்டுப்பாடு போட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சிறுநீர் நன்றாகப் போகிறவர்களுக்குக் கெடுபிடி வேண்டியிருக்காது. டயாலிசிஸ் ஆரம்பித்துச் சிறுநீர் குறைந்த பிறகு கணக்கு, முந்தின நாள் போன சிறுநீர் அளவோடு அரை லிட்டர். ரசம், மோர், காபி, கஞ்சி, ஐஸ் எல்லாம் அதில் சேர்த்திதான். நான் காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய அளவை நிரப்பி வைத்துவிட்டு, அவர் காபி குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவேன். முதலில் முறைத்தார், இப்போது அவரே ஊற்றுகிறார். தாகம் தாங்காமல் இருந்தால் முதலில் உப்பைப் பாருங்கள், முக்கால்வாசி அதுதான் காரணம்.

பாஸ்பரஸுக்கு மாத்திரை எழுதுவார்கள், அதைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும், உணவில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. வெறும் வயிற்றில் போட்டால் வீண். என் வீட்டுக்காரர் உடம்பெல்லாம் அரிப்பு என்று களிம்பு மேல் களிம்பாக மாற்றிக்கொண்டிருந்தார், காரணம் பாஸ்பரஸ். கலர் சோடா, கோலா, டப்பாப் பண்டம் எல்லாவற்றிலும் அது உண்டு.

பழனிமலை:

எல்லாரும் ஆங்கில மருத்துவத்துக்கே ஆள் பிடிக்கிறீர்கள். எங்கள் பெரியப்பா நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார், டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள், ஒரு மாதத்தில் சிறுநீரே நின்றுவிட்டது, நாலாவது மாதம் ஆள் இல்லை. டயாலிசிஸ்தான் கிட்னியைச் சாகடிக்கிறது. அந்தக் கும்பகோணம் பொடியை ஒரு மண்டலம் கொடுத்துப் பாருங்கள், என்ன குறைந்துவிடப் போகிறது?

ஷிப்ட்டு மூணு:

பெரியப்பா விஷயம் வருத்தம்தான் ஐயா. ஆனால் எதனால் எது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், கடுமையான வயிற்றுப்போக்கில் சிறுநீரகம் திடீரென்று நின்றவர்களுக்கும் இதே மெஷினில்தான் டயாலிசிஸ் போடுகிறோம். அவர்களில் நிறையப் பேருக்குச் சிறுநீரகம் திரும்பி வேலை செய்ய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறோம். மெஷின் கெடுப்பதாக இருந்தால் அவர்களுக்கும் கெட்டிருக்க வேண்டும். குடமுருட்டியின் அப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரையில் வடிகட்டிகள் தழும்பாகிவிட்டன, அது திரும்பாது, அதனால்தான் அவருக்கு நிறுத்த முடியாது.

சிறுநீர் குறைவது பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது, மறைக்கவில்லை. டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு மிச்சம் இருக்கிற சிறுநீர் பலருக்குக் குறைந்துகொண்டே போகும். பாதி அந்த நோயின் போக்கு, பாதி நாங்கள் தண்ணீரை வேகமாக எடுத்து பிரஷரை இறக்கிவிடுவதால். அதைக் குறைக்க வழி, ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை அதிகம் ஏறாமல் பார்த்துக்கொள்வது.

பொடியில் என்ன குறைந்துவிடும் என்றால், நேரம் குறைந்துவிடும். மேலே சொன்ன ஆறு முதல் எட்டு வாரம் அந்த ஒரு மண்டலத்தில்தான் போகும். பாதரசமோ ஈயமோ சேர்ந்த பஸ்பமாக இருந்தால் மிச்சமிருக்கிற அந்த ஈ.ஜி.எப்.ஆர். 8-உம் போகும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் சும்மா வாங்கிப் போடுகிற டைக்ளோபினாக், புரூபென் வகை மாத்திரைகளும் அப்படித்தான், நான் ஆங்கில மருந்துக்கு வக்காலத்து வாங்கவில்லை.

செவ்வாய் வியாழன் சனி:

நான் கவனிக்கிறவன் இல்லை, கவனிக்கப்படுகிறவன். என் டயாலிசிஸ் நாட்களையே பெயராக வைத்துக்கொண்டேன். கணக்கு வாத்தியார், காலை ஆறு மணி ஷிப்ட், முடித்துவிட்டு மத்தியானம் ரெண்டு பீரியட் எடுக்கிறேன், சில நாள் முடியாமல் ஸ்டாஃப் ரூமில் படுத்துவிடுவதும் உண்டு.

தம்பி, கணக்காகவே சொல்கிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். மெஷின் பார்த்துக்கொள்வது 12. நல்ல சிறுநீரகம் மொத்த நேரமும் செய்கிற வேலையை இந்தப் பன்னிரண்டில் பிழிந்து எடுக்கிறார்கள், மிச்சம் 156 மணி நேரம் நானும் என் நாக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. சனி முடிந்தால் அடுத்தது செவ்வாய், நடுவில் ரெண்டு முழு நாள். அந்த இடைவெளியின் கடைசியில்தான் மூச்சுத்திணறலும் இதயப் பிரச்சினையும் அதிகம் வருகின்றன என்று எங்கள் டாக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார், நம் ஊரில் அந்த இடைவெளியில்தான் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வருகிறது.

ட்ரை வெயிட் என்ற வார்த்தையை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். உடம்பில் மிகுதி நீர் இல்லாதபோது இருக்கிற எடை. அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் தண்ணீர். ரெண்டு, ரெண்டரை கிலோவுக்குள் போய்ப் படுத்தால் நாலு மணி நேரம் தூங்கிவிட்டு வரலாம். நாலு கிலோவோடு போனால் மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் முறுக்கும் பாருங்கள், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தத் தோன்றும், பிரஷர் இறங்கிக் கண் இருட்டும், சிஸ்டர் தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கி சலைன் விடுவார்கள், எடுக்க வந்த தண்ணீரையே திரும்ப ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். பிரஷர் மாத்திரையை டயாலிசிஸ் அன்று காலையில் போடலாமா, முடித்துவிட்டுப் போடலாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள், ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி. மெஷினில் இருக்கிறபோது வயிறு நிறையச் சாப்பிட்டாலும் எனக்கு பிரஷர் இறங்கிவிடும், முடித்துவிட்டுத்தான் டிபன்.

ட்ரை வெயிட் கல்வெட்டும் இல்லை. சாப்பாடு சரியில்லாமல் சதை குறைந்தால் அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்ளும், தராசு அதே எண்ணைக் காட்டும், ஆனால் ராத்திரி ரெண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வரும். அப்படி இருந்தால் எடையைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஹீமோகுளோபின் 8.4 என்றீர்கள். ரத்தம் உற்பத்தியாகத் தூண்டுகிற எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சிறுநீரகம்தான் சுரக்கிறது, அது குறைந்ததால் வந்த சோகை. இரும்புச்சத்தைப் பார்த்துவிட்டு அந்த ஹார்மோன் ஊசி போடுவார்கள். சும்மா ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், மாற்றுச் சிறுநீரகம் யோசிக்கிற ஆள் என்று டாக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள். அடுத்தவர் ரத்தம் ஏற ஏற உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகி, நாளைக்குச் சிறுநீரகம் பொருந்துவது கடினமாகும்.

மாற்று அறுவை பற்றி அப்பாவிடம் யாரும் பேசவில்லை போலிருக்கிறது. நம் ஊருக்கு இது புதிதில்லை, வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே செய்துவிட்டார்கள். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன் மனைவி கொடுக்கலாம், 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டி, பேரன் பேத்தியையும் சேர்த்தார்கள். என் அக்காவுக்குச் சர்க்கரை, மனைவிக்கு ஒத்து வரவில்லை, அதனால் மூளைச்சாவு அடைந்தவர்களின் தானத்துக்காக டிரான்ஸ்டான் என்கிற தமிழக அரசின் உறுப்பு மாற்று அமைப்பில் மருத்துவமனை மூலம் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறேன். 61 வயது தடை இல்லை, இதயம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கடைசியாக, அப்பாவை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மூன்றாம் மனிதரைப் போலப் பேசாதீர்கள். வீட்டில் "அவருக்கு அது கொடுக்காதே, இது கொடுக்காதே" என்று என் தலைக்கு மேலே பேசுகிறபோது வருகிற கோபம் கால் முறுக்குவதைவிட மோசம். அவர் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள், எடை, பிரஷர், சர்க்கரை மூன்றையும் அவரே எழுதட்டும். வயல் வரவுசெலவு எழுதுகிறவர்தானே. முடிந்தால் பக்கத்து ஊர் சென்டரில் யாராவது ஒரு பழைய நோயாளியிடம் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வையுங்கள், நாம் பத்து நாள் பேசுவதை அவர் பிஸ்டுலாவைக் காட்டி அரை மணியில் முடித்துவிடுவார்.

இ-சேவை:

செலவு பற்றி யாரும் சொல்லவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் வருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அட்டை, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் போட்டோ எடுத்துப் பதிவார்கள். அவசரத்தில் அலையாமல் இப்போதே போடுங்கள், ரேஷன் கார்டில் அப்பா பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இலவசம், மாவட்ட மருத்துவமனைகளுக்கு மத்திய அரசின் 2016 தேசிய டயாலிசிஸ் திட்டமும் இருக்கிறது, இடம் கிடைப்பதுதான் பாடு. டயாலிசிஸுக்குப் போய்வர ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, டாக்டர் சான்று வேண்டும்.

வயிற்று வழி டயாலிசிஸையும் டாக்டரிடம் கேளுங்கள். ஊசி, மெஷின் எதுவும் இல்லை, வயிற்றில் ஒரு குழாய், ரெண்டு லிட்டர் டயாலிசிஸ் திரவப் பையை ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை வீட்டிலேயே மாற்றுவது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கை சுத்தமும், சுத்தமான ஒரு அறையும் கட்டாயம். வயலுக்குப் போகிறவருக்கு ஒத்து வருமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

குடமுருட்டி:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சார் சொன்னது போல ஒரத்தநாட்டுக்காரர் ஒருவரிடம் அப்பாவைக் கூட்டிப்போனேன். அவர் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை, கையை நீட்டினார், அப்பா தொட்டுப் பார்த்துவிட்டு "ஏன்யா இப்படித் துடிக்குது" என்றார், அப்புறம் ரெண்டு பேரும் குறுவை, பம்ப்செட்டு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வரும் வழியில் "தேதி வாங்கு" என்று மட்டும் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை போடுகிறார்கள். மாமாவுக்குத்தான் கோபம்.

ஒரு சந்தேகம். இந்த மாதம் ரெண்டு முறை விடியற்காலையில் அப்பாவுக்கு வேர்த்து நடுங்கியது, பார்த்தால் சர்க்கரை 58. அம்மா பயந்துபோய் இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார். சாப்பாடு குறைந்ததால் இப்படியா?

மேலமாசி வீதி:

அதுவும் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை தம்பி. இன்சுலினை உடம்பிலிருந்து கழிப்பதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு, அது பழுதானால் போட்ட இன்சுலின் நீண்ட நேரம் நின்று வேலை செய்யும். சர்க்கரை தானாகக் குணமாகிறது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள், அப்படி இல்லை. என் வீட்டுக்காரருக்கும் இன்சுலின் அளவைக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். வியாழக்கிழமை வரை காத்திருக்காமல் நாளைக்கே டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றி வாங்குங்கள், மாத்திரையும் போடுகிறார் என்றால் அதையும் காட்டுங்கள், மெட்பார்மின் இந்த அளவு சிறுநீரகத்துக்குக் கூடாது. சர்க்கரை இறங்கினால் இளநீர் வேண்டாம், பொட்டாசியம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, கால் மணி கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். தலைமாட்டில் ஒரு டப்பாவில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

ஷிப்ட்டு மூணு:

அக்கா சொன்னதை அப்படியே செய்யுங்கள். வியாழக்கிழமைக்கு: அறுவை அன்று காலை சாப்பிடலாமா, இன்சுலின் போடலாமா என்று முதல் நாளே போன் செய்து கேளுங்கள். கை தளர்வான அரைக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள், காப்பு, மோதிரம், வாட்ச்சைக் கழற்றச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை போடுகிறாரா என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இப்போதே ஆரம்பிக்கக் கேளுங்கள், சிறுநீரக நோயாளிகளுக்கு இரட்டை டோஸாக 0, 1, 2, 6 மாதம் என்று நாலு தவணை, டயாலிசிஸ் ஆரம்பிக்கும் முன்பே போட்டால் நன்றாகப் பிடிக்கும். ஊசியை வலது புஜத்தில் போடச் சொல்லுங்கள்.